இனிஷியல் வேறு, அட்டை வேறு

நவம்பர் 9, ஞாயிறு

உறுதியான கடைசித் தகவல்: வசந்தாவின் கணினியில் மதர்போர்டு போய்விட்டது. ஆதாரம்: பொன்னுசாமி, எதிர் பிளாக், இரண்டாம் மாடி. வேறு ஆதாரம் இல்லை. கருகல் வாடையை நானும் பிடித்தேன். ஆக, ஒன்றரை ஆதாரம்.

வெளியே டெல்லிப் புகை, சாம்பல் நிறத்தில். காலை நடை ரத்து. பால்கனியிலிருந்து மெட்ரோ பாலம் தெரியவில்லை. ரயில் போகும் சத்தம் மட்டும். எல்லா ஜன்னலும் சாத்தியாயிற்று.

பொன்னுசாமி பற்றி இங்கே இதுவரை எழுதியதில்லை. எழுதும் அளவுக்கு ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். கோயம்புத்தூர்க்காரர். வசந்தாவோடு ஒரே அரசு அலுவலகம், ஒரே கணினிப் பிரிவு. இருவரும் ஒரு வருட இடைவெளியில் ஓய்வு. அவர் மனைவி மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு நம் வீட்டில் காபி.

விஷயம் இது. வசந்தா பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ்ப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறாள். ஓய்வுக்குப் பின் இதுதான் அவள் வேலை. பத்திரிகைக்கு வாரம் ஒரு பத்தி எழுதும் என்னைவிட ஒழுங்கான வேலை. இந்த மாதம் முத்துலட்சுமி என்ற பெண்ணுக்கு ஒரு நாடகப் பாடம். அவளுக்குத் தேர்வு டிசம்பர் தொடக்கத்தில். நாடகத்தில் ஓர் அரசி, ஓர் அரசன். அரசி வசந்தா. அரசன் பொன்னுசாமி. (இனி வ., பொ.சா. முழுப்பெயர் எழுத எரிச்சல்.)

நான்கு காட்சி முடிந்து, அவளுக்கு அனுப்பியும் ஆயிற்று. ஐந்தாவது பாக்கி: பிரிவுக் காட்சி. கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். உள்ளேயிருந்து பொ.சா. குரல், நல்ல கனத்த குரல்: "தேவி!" அது பாடம். தெரியும். எழுதி வைக்கிறேன்: தெரியும்.

அப்போதுதான் கணினி புகைந்தது. அதில் எனக்குப் பங்கில்லை.

உள்ளே இருந்த சவுண்ட் கார்டு பிழைத்தது. நான் வாங்கிக் கொடுத்தது, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது. மைக்கை அதில் செருகினால் குரல் சுத்தமாக வரும். மதர்போர்டிலேயே உள்ள துளையில் செருகினால் அடியில் ஓர் இரைச்சல். மாணவர்கள் வேகத்தை இரட்டிப்பாக்கிக் கேட்பார்களாம். அப்போது அந்த இரைச்சல் மாவு மில் ஆகிவிடுமாம். செல்ஃபோன் பதிவும் ஆகாதாம். இதெல்லாம் வ. சொன்னது.

பொ.சா. கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நல்ல கார்டுங்க. ஆனா இனி இதுக்கு வேலை இல்லீங்க. புது போர்டுல இதுக்கு எடமே வெக்கறதில்லீங்க அம்மிணி."

அம்மிணி.

என் மனைவியை.

வ. ஆட்சேபிக்கவில்லை. "அச்சா? பாவம்" என்றாள். கார்டைப் பார்த்து.

கார்டைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்தேன். வ. எடுத்து ஒரு வெள்ளி நிறப் பைக்குள் போட்டாள். "கை பட்டா கெட்டுப்போவும்னு பொன்னுசாமி சொன்னாரு." என் கைதான் அதை வாங்கி வந்தது.

நவம்பர் 10, திங்கள்

கீசர் போட ஆரம்பம். பால் தாமதம். வாங்க வேண்டியவை: முகமூடி, விக்ஸ், கருவேப்பிலை (சஃபல் காய்கறிக் கடையில் இல்லை, மெட்ரோ அடியில் கேட்க வேண்டும்).

சென்னை டெஸ்க்குக்கு வாரப் பத்தி அனுப்ப வேண்டும். பொருள் இல்லை. வ. யோசனை: "இந்தக் கார்டு விஷயத்தையே எழுதுங்களேன். எந்த போர்டுக்கு எந்தக் கார்டு சேரும்னு தெரியாம வாங்கிட்டு முழிக்கவங்க எத்தன பேரு." நல்ல யோசனை. யாரிடம் கேட்டு எழுதுவது? பொ.சா.விடம். ஆகவே கெட்ட யோசனை.

சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து கேட்டது:

"பொருத்தம் பாத்துட்டனுங்க அம்மிணி. நமக்கு ஒண்ணு போதும். ஆனா பதினாறுலயும் உக்காந்துக்கும்."

"பதினாறா? அம்புட்டுப் பெருசு எதுக்கு?"

"பெரிய ஊட்ல ஒத்த ஆளு குடியிருக்கறதில்லீங்களா? என்னையாட்ட."

இருவரும் சிரிப்பு. குவளை வழிந்து என் கால் நனைந்தது.

பொருத்தம். கல்யாணத்துக்கு நம் பக்கம் பத்துப் பொருத்தம். இந்த ஊரில் முப்பத்தாறு. பதினாறு எந்த ஊர்க் கணக்கு?

அவர் போனபின் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். வ.: "ஸ்லாட்டச் சொல்லுதாரு. மதர்போர்டுல கார்டு சொருகுத எடம். குட்டியா இருக்கது ஒண்ணு, நீளமா இருக்கது பதினாறு. குட்டிக் கார்டு நீள ஸ்லாட்லயும் வேல செய்யும். நீங்க என்னன்னு நெனச்சிய?"

"அதேதான் நினைத்தேன்" என்றேன். ஒரு நிருபர் சொல்லக்கூடாத வாக்கியம்.

மதியம் அரிசிம்பருப்பு சாதம். கோயம்புத்தூர்ச் சாப்பாடு; அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுத் தாளித்தது. நம் வீட்டில் இதுவரை செய்ததில்லை. பொ.சா. இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். நானும் வாங்கிக்கொண்டேன், நன்றாக இருந்தது, அது வேறு விஷயம். நம் திருநெல்வேலிச் சொதி வைத்து எத்தனை மாதம்? தேங்காய்ப்பால் பிழியக் கை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். பருப்புக்குக் கை வலிக்காது போல.

பத்தியில் கார்டை 'அட்டை' என்று எழுதலாமா என்று யோசனை. அட்டைக்கு நம் மொழியில் இரண்டு பொருள். ஒன்று இது. இன்னொன்று மழைக்காலத்தில் காலில் ஏறி, ஒட்டிக்கொண்டு, வயிறு நிறையும்வரை விடாதது. யோசிக்கும்போது கண் தானாக எதிர் பிளாக்குக்குப் போனது.

நவம்பர் 11, செவ்வாய்

புது போர்டு வந்தது. பொ.சா. பொருத்தினார், வ. ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தாள். "ஜல்தி ஜல்தி" என்று அவள் அவரை விரட்டுவதும், "பொறுங்க அம்மிணி, இது இட்லித் தட்டுங்களா?" என்று அவர் சொல்வதும். நான் செய்தித்தாள் வாசித்தேன். ஒரே பக்கம்.

பத்தியின் பொருளைச் சொல்லி டெஸ்க்குக்கு ஒரு வரி அனுப்பினேன்: 'தாய்ப்பலகையும் ஒலி அட்டையும்.' அங்கிருக்கும் இளைஞர் ஃபோன்: "சார், தாய்ப்பலகைன்னா ஆசாரி வேலை மாதிரி இருக்கு சார்." மதர்போர்டு என்றே இருக்கட்டும் என்றேன். ஃபோனை வைத்தபின் தோன்றியது: புது போர்டில் பழைய கார்டுக்கு இடமே இல்லை என்று சொன்னது யார்? ஒரே ஒருவர். ஓர் ஆளின் வாய்வார்த்தை. இதை அச்சிலேற்றுவேனா? மாட்டேன். அப்படியானால் வீட்டில் மட்டும் ஏன் நம்புகிறேன்?

கார்டின் பழைய பெட்டியில் வகை போட்டிருந்தது: பி.சி.ஐ. நேரு பிளேஸில் மூன்று கடைகளுக்கு ஃபோன். போர்டின் மாடலைச் சொல்லி, அதில் பி.சி.ஐ. ஸ்லாட் உண்டா என்று கேட்டேன்.

"பையா, இஸ்மே பிசிஐ ஸ்லாட் ஹை க்யா?"

"ஹாஞ்ஜி, பில்குல் ஹை."

மூன்று கடையும் ஒரே பதில்: கண்டிப்பாக உண்டு. மூன்றாமவர் கூடுதலாக, "நஹீன் ஹோகா தோ போர்டு கிஸ் காம் கா, அங்கிள்ஜி?" அது இல்லாவிட்டால் போர்டு எதற்கு என்கிறார்.

மூன்றுக்கு ஒன்று. பொ.சா. சொன்னது தவறு. மத்திய அரசின் கணினிப் பிரிவில் இத்தனை காலம் இருந்தவர் சொன்னது, தவறு.

சாயங்காலக் காபி நன்றாக இருந்தது. வ.: "என்ன, தானா சிரிக்கிய?"

"ஒன்றுமில்லை."

நவம்பர் 12, புதன்

வ. காலையிலேயே மோதி பாக். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பு. வர மதியமாகும். காற்று மோசம். கண் எரிச்சல்.

என் திட்டம்: அவள் வருவதற்குள் பழைய கார்டைப் புது போர்டில் பொருத்தி, மைக்கைச் செருகி, மேஜை துடைத்து, ஒன்றும் சொல்லாமல் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பது.

நடந்தது: பிளக்கைப் பிடுங்கினேன். கேபினெட் பக்கத்தைத் திறந்தேன். நீள ஸ்லாட் ஒன்று, குட்டி ஸ்லாட் இரண்டு. கார்டின் பொன்நிறப் பல்வரிசை நீள ஸ்லாட்டுக்குக் கண்ணளவில் சரி. வைத்தேன். உட்காரவில்லை. எடுத்து ஊதி வைத்தேன். உட்காரவில்லை. அழுத்தினேன். அடைத்துக்கொண்ட பஸ் ஜன்னலைத் தள்ளுகிற பலம். டக் என்றது. உட்கார்ந்தது என்று நினைத்தேன். கார்டு அப்படியே நின்றது. ஸ்லாட்டின் ஓரத்திலிருந்த பிளாஸ்டிக் கொக்கி என் விரலோடு வந்துவிட்டது.

பிறகு போர்டின் கையேட்டைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். முதலில் செய்திருக்க வேண்டியது. ஸ்லாட்டின் பெயர் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். சுருக்கமாக பி.சி.ஐ.இ. என் கார்டு வெறும் பி.சி.ஐ. கடைசியில் ஓர் 'இ'. அந்த ஓர் எழுத்தில் பல் வேறு, பள்ளம் வேறு, மின்சாரம் வேறு, தலைமுறையே வேறு. கடைக்காரர்கள் வாய்ப்பழக்கத்தில் அந்த 'இ'யை விழுங்கிவிடுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவனுக்கும் நான் சொன்ன முதல் பாடம்: இனிஷியல் மாறினால் ஆள் வேறு. கைதானவர் கே. ராமசாமி; மாலை விழுந்தது எஸ். ராமசாமிக்கு. ஊருக்கு ஒரே ராமசாமி என்று நினைப்பவன் மறுநாள் திருத்தம் போடுவான்.

வ. வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டாள்.

"கையில என்னது அது?"

"கொக்கி."

"எதோட கொக்கி?"

காட்டினேன். கொஞ்ச நேரம் கேபினெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொன்னுசாமியக் கூப்பிட்டிருக்கலாம்லா?"

"அதனால்தான் கூப்பிடவில்லை."

இதை வாய்விட்டுச் சொல்ல நினைக்கவில்லை. சொல்லிவிட்டேன். வ. கைகழுவப் போனாள். குழாய் நெடுநேரம் ஓடியது. சிரிக்கிறாளா, கோபமா, தண்ணீர்ச் சத்தத்தில் தெரியவில்லை.

சாயங்காலம் பொ.சா. வந்து பார்த்தார். "இந்தக் கொக்கி கனமான கிராபிக்ஸ் கார்டைப் பிடிச்சுக்கறதுக்குங்க சார். நமக்குத் தேவையே இல்லீங்க. போனாப் போகுது உடுங்க." ஒரு சிரிப்பு, ஒரு குத்தல், ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நவம்பர் 13, வியாழன்

நேரு பிளேஸ். புதுக் கார்டு வாங்க. தனியாகப் போகிறேன் என்றேன். பொ.சா.: "நானும் வர்றனுங்க சார். மறுக்காவும் 'இ' உட்டுப்போச்சுன்னா?" அப்போ குத்தல் இருக்கிறது. சந்தோஷம்.

பிளாக் வாசலில் வழிமறித்துப் படுத்திருக்கும் பழுப்பு நாய்க்கு யாரோ கோணிச் சட்டை போட்டிருக்கிறார்கள். பொ.சா. குனிந்து அதன் காதைச் சொறிந்தார். "தள்ளிப் படு அம்மிணி. வண்டி வருது பாரு."

நின்றுவிட்டேன்.

"என்ன சொன்னீங்க?"

"தள்ளிப் படுன்னனுங்க."

மண்டி ஹவுஸில் மெட்ரோ மாறும்போது அவருக்கு ஊரிலிருந்து வீடியோ கால். மகளின் குழந்தை, பிறந்து ஒரு மாதம். கூட்டத்தின் நடுவில் நின்று ஃபோனை முகத்தோடு ஒட்டிக்கொண்டு: "அம்மிணீ! அம்மிணிக்குட்டி! தாத்தனைப் பாக்கறீங்களா?"

கடையில் கல்லாவில் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்த பெண்ணிடம்: "அம்மிணி, பிசிஐ-ஈ வாலா சவுண்ட் கார்டு. ஈ. சமஜ்ஜியா?" அந்தப் பெண் சமோசாவை வைத்துவிட்டு, "அமனி கௌன்? மேரா நாம் ரேகா ஹை." அமனி யார், என் பெயர் ரேகா என்கிறாள்.

மூன்று ஆதாரம். உறுதி. கோயம்புத்தூர்ப் பக்கம் பெண்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல். வயது, இனம், கால்களின் எண்ணிக்கை எதுவும் தடையில்லை. இத்தனை வருடம் பல மாவட்டத் தமிழர்களோடு ஒரே குடியிருப்பில் இருந்தும் இது எனக்குத் தெரியவில்லை. திருநெல்வேலிக் காதோடே டெல்லியில் இருந்திருக்கிறேன்.

நிம்மதி. நிம்மதிக்குப் பின்னாலேயே ஒரு கோபம்: என் மனைவிக்கும் நாய்க்கும் ஒரே விளியா?

பழைய கார்டையும் வெள்ளிப் பையோடு கொண்டுபோயிருந்தேன். ரேகாவிடம் காட்டினேன். மாற்றுப் பலகை ஒன்று உண்டாம். அதை நடுவில் வைத்தால் பழைய கார்டும் புது போர்டில் உட்காருமாம். ஆனால் இப்போதைய விண்டோஸுக்கு இந்தக் கார்டின் மென்பொருள் கிடையாதாம். "பைட் ஜாயேகா, போலேகா நஹீன்." உட்காரும், பேசாது.

பொ.சா. அதைக் கேட்டு என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கடையின் சார்ஜர்களைப் பார்த்தார். அந்த அளவுக்கு நாகரிகமான மனிதர். மறுபடி கோபம்.

புதுக் கார்டு வாங்கியாயிற்று. குட்டி. தீப்பெட்டி இரண்டை ஒட்டியதுபோல. அதைப் பார்த்து எனக்கு எந்த மரியாதையும் வரவில்லை.

திரும்பும்போது ரயில் நிலையத்துக்கு வெளியே புகை கண்ணை மறைத்தது. பொ.சா. முகமூடி போடவில்லை, என்னிடமிருந்த உபரியைக் கொடுக்க நினைத்தேன், நினைத்ததோடு சரி. வழி முழுக்க அரசன் வசனம் சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்து காட்சியும் மனப்பாடம். எனக்கும் மனப்பாடம், கதவு மெல்லிசு.

அம்மிணி விஷயம் தீர்ந்தது. ஆனால் சிரிப்பு? அவர் வாசித்தால் வ. சிரிக்கிறாள். அது வட்டார வழக்கில் அடங்காது.

நவம்பர் 14, வெள்ளி

பள்ளிகளுக்கு லீவு விடுவார்களா என்று கீழ்வீட்டில் விவாதம். சொசைட்டித் தலைவர் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருக்கிறார்.

புதுக் கார்டைத் திறந்தோம். குட்டி ஸ்லாட்டில் சாதுவாக உட்கார்ந்தது. கணினி அடையாளம் கண்டுகொண்டது. வ. கை தட்டினாள். நான் தட்டவில்லை.

சிக்கல் அதன்பின். கார்டின் தலையில் ஒரு தகடு. அதைத்தான் கேபினெட்டோடு சேர்த்து ஸ்க்ரூ போட வேண்டும். இதிலிருப்பது குட்டைத் தகடு, சின்ன கேபினெட்டுக்கு உரியது. நம்முடையது பெரிசு. நீளத் தகடு பெட்டிக்குள் தனியாக இருக்க வேண்டும். இல்லை. மைக்கைச் செருகினால் கார்டு பல் ஆடுவதுபோல் ஆடி ஸ்லாட்டிலிருந்து எழும்புகிறது. சத்தம் அறுந்து போகிறது.

'இ'யைப் பார்த்து வாங்கியவர், தகட்டைப் பார்க்கவில்லை. நான் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். எனக்கும் நாகரிகம் உண்டு.

கடைக்கு ஃபோன். தகடு செவ்வாய்க்கிழமை வருமாம். வ.: "அம்புட்டு நாள் ஆவாது. முத்துலட்சுமி தெனமும் கேக்குதா. கேட்டுக் கேட்டு மனசுல ஏத்தணும்லா?" ஞாயிறே பதிவு என்று முடிவு. பதிவு முடியும்வரை யாராவது கார்டைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அரசி வாசிக்க வேண்டும். அரசன் வாசிக்க வேண்டும். வீட்டில் மீதி இருப்பது யார்?

பொ.சா. எனக்குப் பாடம் நடத்தினார்: "முதல்ல கேபினெட் இரும்பைத் தொட்டுக்குங்க சார். அப்புறம் தகட்டை மட்டும் புடிங்க. பச்சைப் பலகைல வெரல் படக்கூடாதுங்க. மூச்சு மட்டும் மெதுவா."

ஆக, அவர்கள் பிரிவுத் துயரம் பேசுவார்கள். நான் கீழே உட்கார்ந்து கார்டு பிடிப்பேன். மூச்சு மெதுவாக.

நவம்பர் 16, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. எழுதினால் அசிங்கமாக வந்திருக்கும்.

இன்று: பொ.சா. வந்தார், கழுத்தில் மஃப்ளர். வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. வியாழக்கிழமைப் புகை தொண்டையைப் பிடித்துவிட்டது. டாக்டர் வெள்ளிவரை பேசக்கூடாது என்றாராம். உபரி முகமூடி இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் கணக்கு சரியாகாது.

வ. நாற்காலியில் சாய்ந்தாள். "இப்ப ராஜாவுக்கு எங்க போவேன்?"

கீழே தள்ளுவண்டிக்காரன் உருளைக்கிழங்கு கூவிப் போனான்.

"நான் வாசிக்கிறேன்" என்றேன்.

"நீங்களா? நீங்க வாசிச்சா கல்யாணச் செய்தியும் எழவுச் செய்தி மாதிரி இருக்கும்."

"எனக்கு மனப்பாடம்."

"எப்படி?"

"கதவு மெல்லிசு."

வ. என்னைப் பார்த்த பார்வைக்கு இங்கே சொல் எழுதப் போவதில்லை. எழுதத் தெரியவில்லை. புதன்கிழமைக் குழாய்ச் சத்தத்துக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது மட்டும் இப்போது தெரிந்தது. சிரித்திருக்கிறாள்.

ஏற்பாடு: நான் தரையில், இடது கை கேபினெட்டுக்குள், தகட்டைப் பிடித்தபடி. வலது கையில் பாடம், பெயருக்கு. மைக் நீள வயரில், எங்கள் இருவருக்கும் நடுவில் ஸ்டூல் மேல். வ. பிரம்பு மோடாவில். பொ.சா. கணினி முன்னால், பதிவு பார்க்க.

அரசன்: "தேவி, படை கிளம்பிவிட்டது. முரசு என்னை அழைக்கிறது. என் கால் மட்டும் உன் வாசலைத் தாண்ட மறுக்கிறது."

"நிறுத்துங்க" என்றாள் வ. "பிளாட்பாரம் நம்பர் மூணுல இருந்து ரயில் கிளம்புதுன்னு சொல்லுத மாதிரி இருக்கு."

மறுபடி.

"இப்ப பட்ஜெட் வாசிக்கிய."

மறுபடி. கை மரத்தது. கார்டு ஒரு முறை எழும்பிற்று. அழுத்தி உட்கார வைத்தேன். பொ.சா. நாற்காலியிலிருந்து இறங்கி என் பக்கம் குனிந்து, இல்லாத குரலில், காதுக்குள் சொன்னார்:

"சார். பேப்பர் எதுக்குங்க. அம்மிணியப் பாத்துச் சொல்லுங்க."

பேப்பரைக் கீழே வைத்தேன். பார்த்தேன். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றியிருந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது, எல்லோருக்கும் போல. சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. ஒரு கை கார்டில், குறிப்பெடுக்க வழியில்லை.

அடுத்தது அரசியின் வரி: "அரசே, கால் சொல்வதைக் கேட்டால் நாடு சிரிக்கும். நாடு சொல்வதைக் கேட்டால் நான் என்ன செய்வேன்?" அவளுக்கு முழு நாடகமும் தலைகீழ்ப் பாடம்.

வரவில்லை. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. பொ.சா. திரையைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை.

"மறந்துட்டு" என்றாள்.

அப்புறம் தொடக்கத்திலிருந்து எடுத்தோம். சரியாக வந்தது. முதலில் வந்த அளவுக்கு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது, ஆதாரம் இல்லை. பொ.சா. பழைய பதிவை அழித்தாரா என்று கேட்க மறந்தேன்.

அவர் போகும்போது வ. கஷாயம் கொடுத்தனுப்பினாள், பெரிய டம்ளரில். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகமூடியையும்.

நவம்பர் 17, திங்கள்

காற்று கொஞ்சம் தேவலை. மெட்ரோ பாலம் மங்கலாகத் தெரிகிறது. பத்தி அனுப்பியாயிற்று, 'இ' பற்றி முதல் பாராவிலேயே. டெஸ்க் இளைஞர்: "சார், இனிஷியல் உதாரணம் சூப்பர் சார்."

பதிவு முத்துலட்சுமிக்குப் போய்விட்டது. மதியம் அவளிடமிருந்து குரல் செய்தி. வ. சத்தமாக வைத்தாள்:

"ஆன்ட்டி, ராஜா மாறிட்டாரா? நாலு சீன் வரைக்கும் கோயம்புத்தூர் ராஜா, அஞ்சாவதுல திருநெல்வேலி ராஜாவா வர்றாரு? ஸ்பீடா வெச்சுக் கேட்டா எனக்கு ரெண்டு ராஜாவும் குழம்புது ஆன்ட்டி. ஒரே குரலா இருந்தா நல்லாருக்கும். எந்தக் குரல்னு முழுசா கேட்டுட்டுப் புதன்கிழமை சொல்றேன்."

ஒரே குரல் என்றால் வழி இரண்டு. பொ.சா. தொண்டை சரியான பின் ஐந்தாவதை மறுபடி வாசிப்பது. அல்லது நான் முதல் நான்கையும்.

பொ.சா.விடம் சொன்னோம். பேசக் கூடாது என்பதால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எந்த வழிக்கு என்று தெரியவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருந்தன்மை. இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை அவரை.

நிலுவை:

நீளத் தகடு. நாளை, செவ்வாய். ஆதாரம்: ரேகா.

சொதி. நாளை மறுநாள். ஆதாரம்: வ., வாய்மொழி. தேங்காய் வந்துவிட்டது, பார்த்தேன். பொ.சா.வுக்கும் இலை உண்டாம்.

பொ.சா. தொண்டை. வெள்ளி.

முத்துலட்சுமியின் முடிவு. புதன்.

முதல் காட்சியை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அதில் 'தேவி' நான்கு இடத்தில் வருகிறது.